டி.சி. இல்லாமலும் சேரலாம்



பள்ளிகள் திறந்துவிட்டன. வல்லம் ஒன்றியத்தில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வாரம் இதே பேச்சு. யார் வீட்டுப் பிள்ளைக்குச் செஞ்சியில் இடம் கிடைத்தது, யாரைத் திண்டிவனத்துக்கு வேன் வைத்து அனுப்புகிறார்கள், ஃபீஸ் எவ்வளவு. இந்தப் பேச்சில் பெயரே அடிபடாத, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்த மாதம் இந்தப் பக்கம் அவர்களுக்கு.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி "அவங்களுக்குப் படிப்போட அருமை தெரியாதுங்க" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. செங்கல் சூளைக்குப் போகிற குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறது. வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதெல்லாம் மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் படிக்கத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குப் படிப்பின் அருமை நமக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் அனுப்பவில்லை என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் அவர்கள் மனதில் இல்லை, பிழைப்பு நடக்கிற விதத்தில் இருக்கிறது.

சூளையில் கூலி நாளுக்கு இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. விடியுமுன்பே எழுந்து அப்பா மண் குழைத்துக் கொடுக்க, அம்மா அச்சில் போட்டு அறுப்பார். அறுத்த பச்சைக் கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப்போட வேண்டும், பிறகு அடுக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் குறுகல். பெரியவர் நடந்தால் கல் உடையும். எட்டு வயதுப் பிள்ளை லாகவமாகப் போய்ப் புரட்டிவிட்டு வந்துவிடும். அந்தப் பிள்ளைக்குத் தனிக் கூலி கிடையாது. ஆனால் அது புரட்டுகிற நேரத்தில் அம்மா இன்னும் சில கல் அறுப்பார். கல்லுக்குக் கூலி என்று வைத்த அந்த நிமிடமே பிள்ளையின் கைக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. கரும்பு வெட்டிலும் இதே கதைதான், டன் கணக்கு.

சட்டத்தின்படி இது தப்பு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விலக்கு பிடிக்கவில்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தை எதிர்த்த மண் இது. மறு ஆண்டு காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இருக்கட்டும். சூளை முதலாளியுடையது, அதைக் குடும்பத் தொழில் என்று யாரும் வாதாட முடியாது.

பசி ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. அதைத் தமிழ்நாடு போல வேறு யாரும் விடாமல் துரத்தவில்லை என்று பெருமையாகவே சொல்லலாம். 1920-ல் தியாகராய செட்டியார் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை, 2022 முதல் காலை உணவு. பாடப்புத்தகம், சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ் எல்லாம் வந்தாயிற்று. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 'இல்லம் தேடிக் கல்வி' நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27. மாலையில் தெருவிலேயே பாய் விரித்துத் தன்னார்வலர்கள் பாடம் சொன்னதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, இன்றைக்குத் தடை பெரும்பாலும் சோற்றில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் வேன் வந்து நிற்கும். சட்டி பானையோடு குடும்பம் ஏறிவிடும். நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளையும் ஏறும். டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழை வாங்க யாருக்கும் நினைப்பிருக்காது. மழைக்கு முன்னால் ஊர் திரும்பும்போது பள்ளி திறந்து வெகுநாள் ஆகியிருக்கும். அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நிற்பார். "டி.சி. எங்கம்மா? பிறப்புச் சான்று? ஆதார்? இத்தனை நாள் எங்கே போனீங்க?" டீச்சர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அவருக்கும் பதிவேடு இருக்கிறது, மேலே கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் வரிசையாகக் கேள்வி விழ விழ அம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போகும். "நாளைக்கு எடுத்தாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். எடுத்து வர வீட்டில் ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் வர மாட்டார்.

இந்த இடத்துக்குத்தான் சட்டம் பதில் வைத்திருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாமல். 2002-ல் அரசியல் சட்டத்தில் 21ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை படிப்பு பிள்ளையின் உரிமை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வர தாமதம் என்று மறுக்கக் கூடாது. சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது. பத்து வயதில் வந்தால் ஒன்றாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. மீசை அரும்புகிற பையனை அ, ஆ சொல்லும் வரிசையில் உட்கார வைத்தால் அவன் மறுநாள் மாடு மேய்க்கத்தான் போவான்.

இருளர் குடியிருப்புகளில் காகிதச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று அதிகம். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்பார்கள். அப்பா பள்ளிப் பக்கமே போகாதவர், அவரிடம் எப்படி இருக்கும்? சின்ன வகுப்பில் இது உறைக்காது. உதவித்தொகை, மேற்படிப்பு என்று வரும்போது வந்து மோதும். திண்டிவனத்தில் இருந்துகொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இதற்காக ஏறாத அலுவலகம் இல்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர் அவர். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கியதும் அவர்தான். 2021-ல் 'ஜெய்பீம்' படத்தையொட்டி நடிகர் சூர்யா இருளர் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது பெரிய செய்தியாயிற்று. அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே நடந்துவந்த மனு, அலைச்சல், காத்திருப்பு எந்தப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் வரவில்லை.

பெண் பிள்ளைகள் நிற்பதற்கு வேறொரு காரணம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்றால் மூத்த பெண் நின்றுவிடும். அங்கே போய் "பொண்ணைப் படிக்க வை" என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. தம்பிக்கு இரண்டு வயதாகிவிட்டதா, பக்கத்தில் பால்வாடி எங்கே என்று கேளுங்கள். தம்பியை அங்கன்வாடியில் விட்டால் அக்கா பள்ளிக்குப் போவாள். இதையெல்லாம் கேட்டறிந்து ஏற்பாடு செய்ய எந்த அரசாணையும் தேவையில்லை, அக்கம்பக்கம் போதும்.

ஆந்திரத்தில், இன்றைய தெலங்கானாப் பகுதியில், சாந்தா சின்காவும் எம்.வி. பவுண்டேஷனும் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் சேர்த்தார்கள்; 2003-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளையைப் படிக்கவைக்க ஆசையில்லை என்ற பேச்சை அவர்கள் ஏற்கவேயில்லை. பள்ளிக்குப் போகும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் பெற்றோர் எந்தக் கஷ்டத்திலும் அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையில் வேலை செய்தார்கள். வேலையிலிருந்து வந்த பிள்ளைகளை நேரே வகுப்பில் தள்ளாமல் முகாம்களில் வைத்துத் தயார் செய்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள சிறப்புப் பயிற்சியும் ஏறக்குறைய இந்த வழிதான்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் வயல் பக்கத்தில், நீங்கள் வேலைக்கு வைத்திருப்பவர் வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால் அந்த அம்மாவோடு ஒருமுறை பள்ளிக்குப் போங்கள். பேசுவது நீங்களாக இருந்தால் டீச்சரின் குரலும் மாறும். நாட்டு நடப்பு அப்படி, வருத்தமாக இருந்தாலும் அது உண்மை. சேர்க்க மறுத்தால் வல்லம் வட்டார வள மையத்தில் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பிள்ளை எங்கேயாவது வேலையில் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். அழைத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். மகள் கல்லூரி வரை போனால் மாதம் ஆயிரம் ரூபாய் 'புதுமைப் பெண்' பணம் வரும், மகனுக்கு 'தமிழ்ப் புதல்வன்' என்பதையும் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். பணத்தைச் சொல்லிப் படிக்கக் கூப்பிடலாமா என்று கூச்சப்பட வேண்டாம். பணம் இல்லாததால்தானே நின்றார்கள்.

ஜூனில் சேர்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். இந்த ஆண்டும் சூளைக்குப் போகிறார்களா, பாட்டியிடம் பிள்ளையை விட முடியுமா, அரசு விடுதியில் இடம் கேட்கலாமா என்று அப்போதே பேச வேண்டும். போயே தீர வேண்டும் என்றால் இங்கிருந்து டி.சி. வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சூளைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியில் சேர்க்கலாம்.

அப்படிச் சேர்த்த பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம். ஊரும் வகுப்பும் மட்டும் போதும். தை இதழில் அந்தப் பட்டியலைப் போடுவோம். வழியில் எங்கே சிக்கியது, எந்தக் காகிதத்துக்கு எத்தனை நடை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதையும் அப்படியே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்