இளம் அணி என்றொரு சாக்கு

விடியற்காலையில் எழுந்து என்பிஏ ஆட்டம் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. சமீபத்தில் ஒரு நாள் என் தங்கை மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு அணி மூன்றாவது கால் பகுதியிலேயே ஆட்டத்தைத் தாரை வார்த்துவிட்டது. எந்த அணி என்பது வேண்டாம். நாலைந்து பெயர்களில் எதைப் போட்டாலும் பொருந்தும். வர்ணனையாளர் பரிவோடு, இது இளம் அணி, கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இவன் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். “ஆமா மாமா, யங் டீம். ரெண்டு மூணு வருஷம் டைம் கொடுக்கணும்.” கையிலிருந்த காப்பி கசந்துவிட்டது எனக்கு.

இந்த வாக்கியத்தைப் போல வசதியான வாக்கியம் கூடைப்பந்தில் வேறில்லை. அணி ஏன் தோற்கிறது? இளம் அணி என்பதால். எப்போது ஜெயிக்கும்? இளமை தீர்ந்ததும். தீர்ந்தது கதை. முதலாளி தப்பித்தார், பொது மேலாளர் தப்பித்தார், கோச்சும் தப்பித்தார். கூண்டில் நிற்பது பையன்களின் பிறந்த தேதி மட்டும்.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பார்ப்போம். 2023-24 சீசனில் 82 ஆட்டங்களில் 14 வெற்றி, 68 தோல்வி. அக்டோபர் கடைசியில் தோற்க ஆரம்பித்தவர்கள் டிசம்பர் 28 வரை நிறுத்தவில்லை. வரிசையாக 28 தோல்வி. ஒரே சீசனுக்குள் இத்தனை நீளமான தோல்வித் தொடரை என்பிஏ அதற்குமுன் கண்டதில்லை. டிசம்பர் 30 அன்று டொராண்டோவைத் தோற்கடித்தபோது கோப்பையையே வாங்கியதுபோல அரங்கமே எழுந்து நின்றது. அப்போது என்ன சொன்னார்கள்? கேட் கன்னிங்ஹாமுக்கு 22 வயதுதான், ஜேலன் டியூரனும் அசார் தாம்ஸனும் இருபதைத் தொட்ட குழந்தைகள், பொறுமையாக இருங்கள்.

அடுத்த சீசனில் அதே டெட்ராய்ட் 44 ஆட்டங்களை ஜெயித்தது. அதே கன்னிங்ஹாம், அதே டியூரன், அதே தாம்ஸன். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில், முந்தைய ஆண்டின் வெற்றிகளை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திய முதல் அணி இதுதான். ஒரு வயது கூடினால் முப்பது வெற்றி கூடுமா? அப்படியானால் என் வயதுக்கு நான் இந்நேரம் நாலைந்து சாம்பியன் மோதிரம் போட்டிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. ஆறு ஆண்டுக்கு 78.5 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்த கோச்சை ஒரே சீசனில் அனுப்பினார்கள். ட்ரேஜன் லாங்டன் என்பவர் நிர்வாகத்துக்கு வந்தார், ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் கோச் ஆனார். முப்பத்திரண்டு வயது டொபையஸ் ஹாரிஸ், அதே வயது டிம் ஹார்டவே ஜூனியர், தூரத்திலிருந்து எறிவதையே தொழிலாகக் கொண்ட மலீக் பீஸ்லி ஆகியோரைக் கொண்டுவந்தார்கள். இவர்களில் ஒருவர்கூட அந்த வருடம் ஆல்-ஸ்டார் இல்லை. வேலை தெரிந்த ஆட்கள், அவ்வளவுதான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. முந்தைய வருடம் கன்னிங்ஹாம் பந்தோடு கூடையை நோக்கி நுழைந்தால் எதிரணியில் மூன்று பேர் வழியில் நின்றார்கள். நிற்கலாம், தைரியமாக நிற்கலாம். தாம்ஸன் அந்தச் சீசனில் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் ஐந்தில் ஒன்றுகூட விழவில்லை. அவரைக் காவல் காத்து என்ன ஆகப்போகிறது? பீஸ்லி மூலையில் நின்றால் கதை மாறுகிறது. 2024-25 சீசனில் அவர் போட்ட மூன்று புள்ளிப் பந்துகள் 319. மொத்த லீகிலும் அவரைவிட அதிகம் போட்டவர் ஒரே ஒருவர், அதுவும் ஒன்றே ஒன்று அதிகமாக. பீஸ்லியை விட்டு ஒரு அடி நகர எவனுக்கும் துணிவு வராது. கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது. உடனே எல்லோரும், பையன் முதிர்ந்துவிட்டான் என்றார்கள். பையன் வளர்ந்தான், மறுக்கவில்லை. ஆனால் முதிர்ச்சிக்கு ஆண்டுக்கு ஆறு மில்லியன் சம்பளம். வாங்கியவர் பெயர் பீஸ்லி.

தடுப்பாட்டத்தில் இது இன்னும் அப்பட்டம். எதிரணி ஆள் வழிமறித்து ஸ்க்ரீன் போட வருகிறான் என்று பின்னாலிருந்து கத்த ஒரு குரல் வேண்டும். மேலே சுற்றிப் போ, ஆளை மாற்றிக்கொள், கூடையை மூடு என்று அரை நொடியில் சொல்ல வேண்டும். ஐந்து பேரும் இருபது வயதென்றால் ஐந்து பேரும் மௌனமாக ஓடுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் யாருக்குப் பந்து போக வேண்டும் என்று தெரியாமல் ஆளுக்கொரு திசையில் பார்ப்பார்கள். தோற்றுத் தோற்று இதைக் கற்றுக்கொள்வார்களாம். சொல்லித்தர ஆள் இல்லாமல் எதைக் கற்பது? மறுநாள் விமானம், மறுநாள் தோல்வி.

நேரம்தான் மருந்து என்பவர்கள் சார்லட் ஹார்னெட்ஸுக்கு அந்த மருந்தை ஊட்டிப் பார்க்கட்டும். 2021-22ல் 43 வெற்றி. பிறகு 27, பிறகு 21, பிறகு 19. பையன்களுக்கு வயது ஏற ஏற வெற்றி இறங்குகிறது. சான் அன்டோனியோவில் விக்டர் வெம்பன்யாமா என்ற அதிசயம் வருவதற்கு முந்தைய சீசனில் 22 வெற்றி, அவர் வந்த சீசனிலும் அதே 22. பாயின்ட் கார்டாக ஆடிப் பழகாத ஜெரமி சோஹனை அந்த இடத்தில் நிறுத்தி வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் 39 வயது கிறிஸ் பால் வந்தார். 82 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே இறங்கினார். பாதி சீசனுக்கு மேல் போனதும் வெம்பன்யாமா உடல்நலக் குறைவால் விலகிய பிறகும் கணக்கு 34 வெற்றி.

ஓக்லஹோமா சிட்டி, ஓக்லஹோமா சிட்டி என்று யாரோ முனகுவது கேட்கிறது. 2025ல் கோப்பை வென்ற இளம் அணி. சரி. அதன் நாயகன் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் அங்கே வந்த முதல் வருடம் யாருடைய பக்கத்தில் நின்று ஆடினார்? மறுபடியும் கிறிஸ் பால். கோப்பைக்கு முந்தைய கோடையில் அந்த அணி யாரைக் கொண்டுவந்தது? முப்பது வயது அலெக்ஸ் கருஸோவை. டெட்ராய்ட் செய்ததையே செய்தார்கள். சத்தம் போடாமல் செய்தார்கள்.

அலுவலகங்களிலும் இந்த நோய் பரவியிருக்கிறது. நாற்பது வயதுக்காரர்களைச் சம்பளம் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் குழுவின் சராசரி வயது 25 என்று சுவரில் எழுதி மாட்டுகிறார்கள். வேலை சொதப்பினால் பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவர்தான் போன மாதம் பிரிவு உபசாரக் கேக்கை வெட்டினார்.

கூடைப்பந்து நிர்வாகங்கள் இந்தச் சாக்கை ஏன் விடுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கீழே கிடந்தால், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட் குலுக்கலில் நல்ல எண் விழும் என்ற பேராசை. இளம் அணி என்று சொல்லிக்கொண்டால் வேண்டுமென்றே தோற்பதற்கும் கௌரவமான பெயர் கிடைத்துவிடுகிறது. 2019ல் வந்த விதி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கு ஒரே வாய்ப்பைத்தான் தந்தது, 14 சதவீதம். டெட்ராய்ட் 2023லும் 2024லும் லீகிலேயே மோசமான கணக்கோடு முடித்தது. இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாவது இடம். 2025ல் யூட்டா 17 வெற்றி, வாஷிங்டன் 18 வெற்றி என்று பாடுபட்டுத் தோற்றன. முதல் இடத்தை 1.8 சதவீத வாய்ப்போடு டல்லாஸ் தட்டிக்கொண்டு போய் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது. யூட்டாவுக்கு ஐந்து, வாஷிங்டனுக்கு ஆறு. அந்தச் சீசன் முழுக்கக் காசு கொடுத்து உட்கார்ந்த ரசிகனுக்கு யாரும் பாதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இனி உங்களிடம் யாராவது இளம் அணி என்று ஆரம்பித்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். கடைசி நிமிடங்களில் கோர்ட்டில் நிற்கிற முப்பது வயதுக்காரர் யார்? மூலையில் நின்று எறிகிறவர் யார்? பதில் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேசிப் பொழுதை வீணாக்காதீர்கள்.