ஆட்டோக்காரருக்கு அகவிலைப்படி உண்டா?

போன மாதம் சென்னையில் மகள் வீட்டிலிருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். பேத்தி செல்போனில் ஆட்டோ பதிவு செய்தாள். முதலில் வருவதாகச் சொன்னவர் போன் செய்து, "எவ்வளவு சார் காட்டுது?" என்றார். சொன்னதும் ரத்து செய்துவிட்டார். இரண்டாமவரும் அப்படியே. கையில் பையோடு தெருவில் இருபது நிமிடம் நின்றேன். எனக்குக் கோபம்தான்.

மூன்றாமவர் வந்தார். வழியில் கேட்டேன். "200 ரூபா காட்டுது இல்லையா, அதுல 50 கம்பெனிக்குப் போயிடும் சார். உங்கள ஏத்த மூணு கிலோமீட்டர் காலி வண்டியா வந்தேன். அதுக்கு யார் காசு தருவா?" என்றார். கோபம் பாதி இறங்கிவிட்டது.

வாழ்நாள் முழுக்க பில் சரிபார்த்த குமாஸ்தா அல்லவா, ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தமிழ்நாட்டில் 2013-இல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்து கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு. பத்தாண்டுக்கு மேல் அந்த விகிதம் அசையவே இல்லை. என் பென்ஷனுக்கோ, கொரோனாவில் நிறுத்தி வைத்த காலம் போக, ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி ஏறிக்கொண்டே வந்தது. நான் வாங்கும் அதே அரிசியைத்தானே அவரும் வாங்குகிறார்? அரசு கட்டணம் நிர்ணயிப்பதென்றால் அதையும் விலைவாசிப் புள்ளியோடு கட்டிவிட வேண்டும். இதற்குக் கமிட்டி எதற்கு? ஒரு ஆணை போதும்.

கமிஷன் விஷயத்தில், ஓட்டுநர் பங்கு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று மத்திய அரசு 2020-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் சதவீதமே எனக்குப் பிடிக்கவில்லை. 60 ரூபாய் சவாரிக்கும் 600 ரூபாய் சவாரிக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலைதான். பெங்களூரில் நம்ம யாத்ரி கமிஷனே இல்லாமல் தொடங்கி, பிறகு நாளுக்கு 25 ரூபாய் அல்லது சவாரிக்கு 3.50 என்று வைத்தது. எனக்குச் சவாரிக் கணக்குதான் சரியாகப் படுகிறது. நாள் கட்டணத்தில், காலையில் இரண்டு சவாரி ஓட்டிவிட்டு வண்டி பழுதாகி நின்றாலும் முழுப் பணமும் போய்விடும்.

நாங்கள் பள்ளியில் 'கூர்ஸ்' என்று படித்த வாடகைச் சவாரிக்கு பிரான்சில் வேறு வழி கண்டார்கள். 2023 ஜனவரியில் நிறுவனங்களும் ஓட்டுநர் அமைப்புகளும் பேசி, எவ்வளவு குட்டைச் சவாரியானாலும் ஓட்டுநருக்கு 7.65 யூரோவாவது சேரவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டன. இது நம்மைப் போன்ற கிழவர்களுக்குத்தான் முக்கியம். ஆஸ்பத்திரிக்கும் பாங்கிக்கும் நாம் போவது இரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சவாரியைத்தான் முதலில் ரத்து செய்கிறார்கள்.

மழை நேரத்தில் கட்டணத்தை இரட்டிப்பாக்குவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். 2020-இல் ஒன்றரை மடங்கு என்றிருந்த உச்சவரம்பை 2025-இல் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அன்றாடக் கட்டணம் நியாயமாக இருந்தால் அதற்கு என்ன அவசியம்?

எழும்பூரில் 230 கொடுத்தேன். "முப்பது எதுக்கு சார்?" என்றார். அந்த மூன்று கிலோமீட்டருக்கு என்றேன்.