விரதம் வயிற்றுக்கு மட்டும்தானா?



சாம்பல் புதன் வந்துவிட்டால் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் கறி, மீன் நின்றுவிடும். கல்யாணம், காட்சி எல்லாம் ஈஸ்டருக்கு அப்புறம்தான். சி.எஸ்.ஐ. சபைகளில் இதை லெந்து நாட்கள் என்போம். கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு 41 நாள் போல எங்களுக்கு 40 நாள். காலண்டரை எண்ணினால் 46 வருகிறதே என்பீர்கள். ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்த நாள். ஆகவே நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கறியை நிறுத்துவது சுலபங்க. அதில் மிச்சமான காசு எங்கே போகிறது? கறிக்குப் பதிலாகப் பனீரும் முந்திரியும் வாங்கிச் சமைத்தால் அது விரதமாகுமா? பசித்தவரோடு பகிர்ந்து உண்பதும், போக்கிடம் இல்லாதவரை வீட்டில் சேர்ப்பதும்தான் உபவாசம் என்று ஏசாயா 58-ம் அதிகாரம் சொல்கிறது.

மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி தனியே எடுத்துச் சபைக்குக் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பிடியரிசிதான்! லெந்து நாட்களில் எங்கள் வீட்டிலும் அடுப்படியில் ஒரு டப்பா உண்டு. ராத்திரி ஜெபம் முடிந்ததும் அன்று யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு சீட்டில் எழுதி அதன் பக்கத்தில் வைப்பார்கள். "நான் போட்டிருக்கிற பனியனைத் தைத்தது யாரம்மா?" என்று ஒரு நாள் சின்னவள் கேட்டாள். திருப்பூரில் அதற்குப் பதில் சொல்ல வெகுதூரம் போக வேண்டாம். அடுத்த சந்து லைன் வீட்டில் இருப்பார்கள்!

அவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஜார்க்கண்டின் ராஞ்சிக்கு 1845-ல் ஜெர்மனியிலிருந்து காஸ்னர் மிஷன் ஊழியர்கள் வந்தார்கள். அதன் பிறகு அங்கே ஓராவோன், முண்டா மக்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்களானார்கள். ஆகவே நம் ஆலயத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் ஓசையில்லாமல் போய்விடும் வடக்கத்திப் பெண் நமக்கு அந்நியமில்லை.

போன வருஷ லெந்தில் அப்படி ஒரு பெண் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஐந்து மாத கர்ப்பம். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க நின்று வேலை செய்திருக்கிறாள். மூன்றாவது வெள்ளி மயங்கி விழுந்தாள். நல்லவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஊரில் இருந்திருந்தால் மாமியார், "உனக்கு எதுக்கும்மா உபவாசம்?" என்று கஞ்சியைக் கையில் கொடுத்திருப்பார். இங்கே அதைச் சொல்ல ஒருத்தியில்லை.

இதைக் கேட்டதும் பெண்கள் ஐக்கிய சங்கத்து மூத்த அம்மா ஒருவர் டிபன் கேரியரோடு நேரே லைன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு ஹிந்தி தெரியாது. அதனால் என்ன? ரசம் சோறு பேசியது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்தவர்களுக்கு டீ கொடுத்து, பெயரும் இருப்பிடமும் கேட்டுக்கொள்கிறோம். பிடியரிசி பெரிய வெள்ளியன்று, பகல் 12 முதல் 3 மணி வரை நடக்கும் ஆராதனைக்குப் பின் எல்லோருக்கும் கஞ்சியாகிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான், அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாள்தான் உபவாசம் என்கிறது. அந்த நாட்களிலும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு. கறியை விட்டவர்கள் கொள்ளு, பச்சைப்பயறு, பால் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலமாயிற்றே, மோரும் தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.

வரும் ஞாயிறு கடைசி பெஞ்சுப் பக்கம் போய், "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டுப் பாருங்களேன்!