வாசலில் உட்கார வேண்டாம், சகோதரிகளே!

சுற்றுலா போன இடத்தில், டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்பா மணிபர்ஸை எடுத்துக்கொண்டு தலைகளை எண்ணுவார். உடனே அம்மா சொல்வாள்: "நீங்க எல்லாரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் பையையும் செருப்பையும் பாத்துக்கறேன். எனக்குக் கால் வலிக்குது."

கால் வலியெல்லாம் சும்மா. ஒரு டிக்கெட் மிச்சம், அவ்வளவுதான்!

என் அம்மா அப்படித்தான். சின்ன வயதில் எங்களை மைசூருக்குக் கூட்டிப் போனார்கள். அரண்மனைக்குள் நாங்கள் அத்தனை பேரும் போனோம். அம்மா மட்டும் புளியோதரைத் தூக்கோடு வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்ததும், "உள்ள என்னடி இருந்துச்சு?" என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். அப்புறம் எத்தனையோ வருடம், அக்கம்பக்கத்தில் அந்த அரண்மனையைப் பற்றித் தானே பார்த்த மாதிரி பேசுவாள். கடைசி வரை அவள் அதைப் பார்க்கவே இல்லை.

நானும் அம்மா மாதிரியேதான் ஆகிப் போனேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருடம். போன ஊரிலெல்லாம் வாசல்தான் பார்த்திருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் டில்லியில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு நானும் என் கணவரும் போய் மூன்று வாரம் இருந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் சுற்றுலா பஸ்ஸில் இடம் போட்டார் இவர். அந்தப் பஸ் எங்களைக் கூட்டிப் போன அழகைச் சொல்கிறேன் கேளுங்கள். கோட்டைக்கு அரை மணி, கோபுரத்துக்கு இருபது நிமிடம், புடவையும் சால்வையும் விற்கிற ஒரு கடைக்கு மட்டும் முழுசாக ஒன்றரை மணி நேரம்! கோட்டை வாசலில் பழக்க தோஷத்தில் நான், "நீங்க போங்க, எனக்கு முட்டி வலி" என்று சொல்லி உட்கார்ந்தும்விட்டேன். ராத்திரி மருமகள்தான் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, டிக்கெட்டே இல்லாத இடம் இந்த ஊர்ல எவ்வளவோ இருக்கு. அதெல்லாம் டூர் பஸ்காரங்க காட்ட மாட்டாங்க, அவங்களுக்கு அதுல ஒண்ணும் தேறாது. அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து முட்டி வலின்னு சொல்லுங்க, பாக்கலாம்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கிளம்பினோம். முதலில் போனது காந்தி ஸ்மிருதி. அந்தக் காலத்து பிர்லா மாளிகை. காந்திஜி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. 1973ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவர் இருந்த அறையில் ஒரு படுக்கை, சாய்ந்து எழுதச் சின்ன மேஜை, ராட்டை, கைத்தடி, கண்ணாடி. அவ்வளவுதான் சொத்து. வீடு நிறையச் சாமான் சேர்த்து, அதைத் துடைத்தே ஆயுசைக் கழிக்கிற நமக்கு அந்த அறையைப் பார்த்தால் சுரீர் என்கிறது.

அறையிலிருந்து தோட்டத்துப் பிரார்த்தனை இடத்துக்கு அவர் நடந்து போன வழியில், சிமென்ட்டில் காலடித் தடம் தடமாக அமைத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30, மாலை 5.17. எட்டு வயதுப் பேரன் ஒவ்வொரு தடமாக எண்ணிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தான். ஒரு இடத்தில் நின்றுவிட்டான். "அப்பத்தா, இதுக்கு மேல காலடியே இல்லையே?" என்றான். பாடப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருப்பானோ, அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சப்தர்ஜங் சாலை ஒன்றாம் எண், இந்திரா காந்தி வாழ்ந்த வீடு. அதுவும் இலவசம். அவர் படித்த அறை, பூஜை அறை எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1984 அக்டோபர் 31 காலையில் அவர் நடந்து போன பாதையைக் கண்ணாடி போட்டு மூடிப் பாதுகாக்கிறார்கள். அன்று உடுத்தியிருந்த புடவை, தோள்பை, செருப்பு எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நம் ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி போட்டிருந்த உடுப்பும் அங்கேதான் இருக்கிறது. கட்சி, அரசியல் எல்லாம் தள்ளி வையுங்கள். ஒரு தாயின் புடவையும் மகனின் சட்டையும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்கும்போது எந்தப் பெண்ணுக்கும் தொண்டை அடைக்கும்.

அதற்கப்புறம் என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை! வார நாட்களில் மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விடுவார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மெட்ரோ ரயிலில் கிளம்பிவிடுவோம். இவருக்கு அலுத்துப்போன நாளில் நான் தனியாகவே போனேன். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும் என்பதால் பயமே தெரியவில்லை.

இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவகம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திறந்தது. வட்ட வட்டமான சுவர்களில், சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்காக உயிர் விட்ட 25 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பெரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களுக்குத் தனியாக மார்பளவுச் சிலைகள். 1987ல் இலங்கையில் உயிர் நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் அங்கே உண்டு. சுவரில் நம் ஊர்ப் பெயர்கள் கண்ணில் படும்போதெல்லாம், இந்தப் பிள்ளையைப் பெற்றவள் இதை வந்து பார்த்திருப்பாளா என்றுதான் எனக்குத் தோன்றியது. இங்கே மட்டும் டிக்கெட் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பங்களா சாகிப் குருத்வாராவையும் சொல்ல வேண்டும். 1664ல் டில்லியில் அம்மை நோயும் காலராவும் பரவியபோது, நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சேவை செய்தவர் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர்கிருஷன். அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்த நோயே அவரையும் கொண்டு போனது. இன்று அங்கே யார் போனாலும், என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனால் சரி. நான் சாப்பிட்டதோடு நிற்காமல், சப்பாத்தி தேய்க்கிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பேசின இந்தி எனக்குப் புரியவில்லை, என் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் நான் தேய்த்த முதல் சப்பாத்தி இலங்கை வரைபடம் மாதிரி வந்ததும் எல்லோரும் சேர்ந்துதான் சிரித்தோம்!

1986ல் கட்டி முடித்த, 27 வெள்ளைப் பளிங்கு இதழ்கள் கொண்ட தாமரைக் கோயிலுக்கும் காசு கிடையாது. பழைய சுல்தான்களின் கல்லறைகள் இருக்கும் லோடி தோட்டத்துக்கும் கிடையாது. சுலப் அமைப்பு 1992ல் தொடங்கிய கழிப்பறை அருங்காட்சியகம் ஒன்றுகூட உண்டு. சிரிக்காதீர்கள்! பிரெஞ்சு அரசர் ஒருவர் சிம்மாசனத்திலேயே கழிப்பறை வைத்திருந்தாராம். அதன் மாதிரியைச் செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்காமல் வாயைக் கட்டுகிற நம்மைப் போன்ற பெண்களுக்குத்தான் அந்த அருங்காட்சியகத்தின் அருமை தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "இலவசமா விட்டா யாருக்கும் மதிப்பு தெரியாது. பத்து ரூபாயாவது வாங்கணும்" என்று என் கணவர் உட்படப் பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காந்தி ஸ்மிருதியில் அந்தக் காலடித் தடங்களுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்க்கவில்லை. டிக்கெட் வாங்கிப் போகிற இடத்தில்தான் சுவரில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். மரியாதை மனசில் இருந்து வர வேண்டும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் வந்துவிடுமா?

இன்னொன்று. சம்பாதிக்கிறவர்களுக்கு டிக்கெட் என்பது வெறும் பணம். நமக்கு அது அனுமதி. நம் கையில் சம்பளம் இல்லை. நமக்காக ஐம்பது ரூபாய் செலவழிக்க வேண்டும் என்றால், கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குச் சொல்ல வேண்டும். யாரும் மறுக்க மாட்டார்கள் என்று தெரிந்தாலும் நமக்கே மனசு வராது. அந்தக் காசுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாமே என்று புத்தி உடனே கணக்குப் போடும். அந்தக் கணக்கைப் போட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வாசல் திறந்திருந்தால்தான் நாம் உள்ளே போகிறோம். நான் போனேனே!

அதுவும் உண்மையில் இலவசம் இல்லை, சகோதரிகளே. நாம் வாங்குகிற சோப்பு முதல் பிஸ்கட் வரை எல்லாவற்றிலும் வரி கட்டுகிறோம். அரசாங்கம் நடத்துகிற இடங்களுக்கு ஏற்கெனவே நம் பங்கைக் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் இந்த வாசல்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் என் கவலை. நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி மாளிகை முன்பு இலவசமாகப் பார்க்க முடிந்த இடம். 2022ல் அதைப் பெரிதாக்கிப் பிரதமர்கள் அருங்காட்சியகமாகத் திறந்தபோது டிக்கெட்டும் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது எல்லோரையும் காசில்லாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்? தொல்லியல் துறையின் பழைய சின்னங்களில் 15 வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. அந்தக் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் சேர்த்தே அந்தச் சலுகையைக் கொடுக்கலாமே!

பைகளை வைத்துவிட்டுப் போக எல்லா இடத்திலும் ஒரு அறை வேண்டும். அது இருந்தால், பைக்குக் காவலாக ஒருத்தி வெளியே உட்கார வேண்டியதில்லை. சுத்தமான கழிப்பறையும், நடக்க முடியாதவர்களுக்கு நடுநடுவே நாலு பெஞ்சும் வேண்டும். எழுதி வைத்திருப்பது இந்தியும் ஆங்கிலமும் மட்டுமாக இருக்கிறது; தலைநகரம் எல்லோருக்கும் பொது என்றால், தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

டில்லி போகிற சகோதரிகளுக்கு ஒரு யோசனை. நான் சொன்ன இடங்களில் காந்தி ஸ்மிருதி, இந்திரா நினைவகம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். அந்த நாளைக் குருத்வாராவுக்கும் போர் நினைவகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ராஜ்காட் எதிரில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த வேட்டியைப் பார்த்தேன். 1921 செப்டம்பரில் அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது எங்கள் மதுரையில்தான். அதைச் சொன்னபோது இவர், "நம்ம ஊர் காந்தி மியூசியத்துலயும் ரத்தக் கறை பட்ட துணி இருக்கே, நீ பாத்ததில்லையா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. 1959ல் நேரு திறந்து வைத்த இடம், ராணி மங்கம்மாளின் அரண்மனை, அதுவும் இலவசம். முப்பத்தெட்டு வருடமாக அந்த வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன்!

ஊர் திரும்பிய மறுவாரமே போனேன். துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர், "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்றார். என் அம்மா குரல் மாதிரியே இருந்தது.

பையை நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டேன்!

- ஒரு வாசகி, மதுரை.