நோட்டுப் புத்தகத்தை மூடிவிடலாமா?

நமது பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மழைமானி ஒன்று இருப்பதைத் தோழியர் யாவரும் அறிவீர்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரை அளந்து நீல அட்டை போட்ட நோட்டில் எழுதி வைப்பது அறிவியல் மன்றத்தாராகிய எங்களது கடமை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி மாணவியர் பூசை முடிந்து வந்து எழுதுவார்கள். இவ்வாண்டு, தானாகவே மழையைக் கணக்கிடும் கருவி ஒன்றை நாங்களே செய்து கண்காட்சியில் வைத்தோம். பெற்றோர்கள் பாராட்டினார்கள். அன்று முதல் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது: "கருவிதான் ஞாபகம் வைத்துக்கொள்கிறதே, இனி நோட்டு எதற்கு?"

நோட்டை மூடக்கூடாது என்பதே எங்கள் கருத்து. கருவியைச் செய்தவர்களே இப்படிச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணத்தைக் கேளுங்கள்.

எங்கள் கருவியின் மூளை ஏடிமெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தி. சுண்டு விரல் அளவுள்ள சில்லு. அதனுள்ளே செயல்முறை தங்கும் இடம் ஒன்று. அதைத் தவிர இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. ஒன்று சிலேட்டைப் போன்றது. விரைவாக எழுதலாம், அழிக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றால் எழுதியதெல்லாம் போய்விடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்தில் எத்தனை நாள் விளக்கில்லாமல் இருந்தோம் என்பது நினைவிருக்கிறதல்லவா? அதிகமாக மழை பெய்யும் நாளில்தான் மின்சாரமும் நிற்கும். ஆகவே இரண்டாவது வகையை நாடினோம். ஈப்ரம் எனப்படும் இதில் 1,024 பெட்டிகள் உள்ளன. மின்சாரம் போனாலும் இட்டது இட்டபடி இருக்கும்.

அதிலும் ஒரு சங்கடம். ஒரு பெட்டியில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்றுதான் தயாரிப்பாளர் உறுதி கூறுகிறார். விநாடிக்கு ஒரு முறை எழுதிவிடலாம் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒரே பெட்டியில் அப்படி எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த ஒரு லட்சமும் தீர்ந்துவிடும்! பிறகு, மழைநீர் நிறைந்து சிறு கிண்ணம் சாயும்போது மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தோம்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, கருவியில் சேமித்திருந்த எண்ணைத் திரும்பப் படித்தோம். 4.4 மில்லிமீட்டர் என்றது. நோட்டிலோ 30 மில்லிமீட்டர். எழுதிய எட்டாம் வகுப்புச் சிறுமியை எல்லோருமாகக் கடிந்துகொண்டோம். அவளோ, "அக்கா, நான் இரண்டு முறை அளந்தேன்" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னாள்.

அவள் சொன்னதே சரி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டால் 30 மில்லிமீட்டர் என்பது 300. ஆனால் ஒரு பெட்டிக்குள் 0 முதல் 255 வரையுள்ள எண்தான் அடங்கும். 255-ஐத் தாண்டியதும் மறுபடியும் சைபரிலிருந்து தொடங்கிவிடும். 300-ல் 256 போக மீதி 44! கருவி எந்தப் பிழையையும் அறிவிக்கவில்லை. அமைதியாக 44 என்று வைத்திருந்தது. தூறல் நாட்களில் எல்லாம் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது, பெருமழையன்றுதான் ஏமாற்றியது. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பெட்டிகள் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் நோட்டு இல்லாதிருந்தால் இது தெரிந்திருக்குமா? அறுத்த குறுவை நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் தகப்பனார்கள் நம்மில் பலருக்கு உண்டு. மூழ்கிய வயலுக்கு 4.4 என்று ஒரு பதிவு சாட்சி சொன்னால் அவர்கள் கதி என்ன?

பெரியவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். தேர்தல் நாளில் பள்ளிகளின் வகுப்பறைகள் வாக்குச்சாவடிகளாகின்றன. அங்கே வரும் மின்னணு இயந்திரத்திலும் நுண்கட்டுப்படுத்திதான் இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றினாலும் வாக்குகள் அதன் நினைவில் நிற்கும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அவ்வியந்திரம் உருவாவதை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவர், நம் காவிரிக் கரையின் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா. 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகச் சில சாவடிகளில் பயன்பட்ட இயந்திரம், 2004-ல் நாடு முழுவதும் வந்தது. ஆயினும் நினைவகம் மட்டும் போதாது என்று, வாக்காளர் ஏழு விநாடி பார்க்கும்படி காகிதச் சீட்டும் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம், எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டியதில்லை என்றது. அதே சமயம், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால் நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றும் கூறியது.

பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போனபோது இன்னொன்று கேட்டோம். இராசராசன் அளித்த பொன் இவ்வளவு என்று மட்டும் கல்லில் வெட்டவில்லையாம்; ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தது என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் கருவி எண்ணை மட்டும் சேமிக்கிறதேயன்றி, அது எந்த அளவு என்பதைச் சொல்வதில்லை.

நோட்டு குற்றமற்றது என்று நாங்கள் வாதிடவில்லை. தீபாவளி விடுமுறையில் மூன்று நாள் வெற்றிடம் இருக்கிறது. ஒரு முறை 3.2 என்பதைப் புள்ளியில்லாமல் 32 என்று எழுதியிருந்தோம். அதைக் கண்டுபிடித்தது கருவிதான். ஆகையால் சனிக்கிழமைதோறும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டைச் சிவப்பு மையில் குறிக்க அனுமதி வேண்டுமென்று தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இப்போதுள்ள நோட்டில் பதினொரு பக்கங்களே மீதி இருக்கின்றன. புதிய நோட்டு ஒன்று வேண்டும். 200 பக்கம், கோடு போட்டது.