ஜீனோவின் வயிற்றில் என்ன?

எங்கள் வீட்டில் இவருக்கு எந்தப் புதுக் கருவி வந்தாலும் வாங்கியாக வேண்டும். எனக்கோ, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய் ஜீனோ என்றால் உயிர். தானே யோசித்துப் பேசும் சமர்த்து அது!

போன மாதம், வந்திருந்த தங்கையின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவர் ஒரு பொம்மை நாய் வாங்கி வந்தார். குரைத்தது, வாலாட்டியது. "நம்ம ஜீனோ!" என்று நானும் பூரித்துப் போனேன். மறுநாள் பார்த்தால், அடி மூடி கழன்று, குழந்தை கையில் பட்டன் பாட்டரி! வாய்க்குப் போகுமுன் பிடுங்கிவிட்டேன். வயிற்றைக் கலக்கிவிட்டது, போங்கள்.

காசு மாதிரி இருக்கும் இது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, சுண்ணாம்பு போல அரிக்கும் காரம் அங்கே உண்டாகிறது. தீர்ந்துபோன பாட்டரியும் ஆபத்துதான். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, பொம்மையோ ரிமோட்டோ, பாட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குரைக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம்!