காட்டுப்பன்றிக் கறியா, கடலை வெண்ணெயா? ரத்தசோகைக்கு எது கைகொடுக்கும்?

'போத்தனூர் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் கடலைக்காய் போடுவது வழக்கம். 14 வயது மகள் பள்ளிக்கூடக் கபடி அணியில் விளையாடுகிறாள். கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் பரிசோதித்ததில், ஹீமோகுளோபின் 9.6 என்று வந்திருக்கிறது. "காட்டுப்பன்னிக் கறி ஒரு மாசம் குடுங்க, ரத்தம் தானா ஊறும். நானே கொண்டாந்து தர்றேனுங்க" என்கிறார் உறவுக்காரர் ஒருவர். கபடி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், தினமும் பீநட் பட்டர் சாப்பிடச் சொல்கிறார். கடையில் அது விலை அதிகமாக இருக்கிறது. இரண்டில் எது சத்து? பீநட் பட்டரை எங்கள் கடலையிலேயே செய்துகொள்ள முடியுமா?'

- வாசகி, போத்தனூர்.

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சத்து பற்றியது, இன்னொன்று சட்டம் பற்றியது, மூன்றாவது வீட்டில் இருக்கும் கடலையைப் பற்றியது. அதற்கெல்லாம் முன்பாக ஒரு விஷயம். இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.6 என்பது நடுத்தர ரத்தசோகை. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிக்கட்ட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். குடற்புழு மாத்திரையும் தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாப்பாடு இதற்குத் துணை நிற்கும்.

எதில் எவ்வளவு?

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் காட்டு விலங்குகளின் இறைச்சிக்கும் பீநட் பட்டருக்கும் கணக்கு இருக்கிறது. இறைச்சிகள் எல்லாம் சமைத்த நிலையில், 100 கிராமுக்குச் சுமாராக:

பீநட் பட்டர்: 600 கலோரி, புரதம் 22 கிராம், கொழுப்பு 51 கிராம், இரும்பு 1.7 மில்லி கிராம்.

காட்டுப்பன்றி: 160 கலோரி, புரதம் 28 கிராம், கொழுப்பு 4 கிராம், இரும்பு 1.1 மில்லி கிராம்.

காட்டு முயல்: 173 கலோரி, புரதம் 33 கிராம், கொழுப்பு 3.5 கிராம், இரும்பு 4.9 மில்லி கிராம்.

வெள்ளாடு: 143 கலோரி, புரதம் 27 கிராம், கொழுப்பு 3 கிராம், இரும்பு 3.7 மில்லி கிராம்.

உறவுக்காரர் சொல்லும் காட்டுப்பன்றிக் கறியில், ஆட்டுக்கறியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரும்பு இருக்கிறது. 'ரத்தம் ஊறும்' என்ற பேச்சுக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை. காட்டு விலங்கின் கறியில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம் என்பது உண்மைதான். நாள் முழுக்க அலைந்து திரிந்து தின்பதால் வந்த குணம் அது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டில் மேய்ந்து வளர்ந்த ஆட்டுக்கும் அதே குணம் உண்டு. அதற்காக யாரும் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

பீநட் பட்டர் கணக்கையும் சரியாகப் பார்க்க வேண்டும். 100 கிராம் கறியை ஒருவர் ஒரு வேளையில் சாப்பிட்டுவிடலாம். பீநட் பட்டரை அப்படிச் சாப்பிட முடியாது. ஒரு வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 190 கலோரி, 7 கிராம் புரதம், 16 கிராம் கொழுப்பு, 0.6 மில்லி கிராம் இரும்பு. ஓடி விளையாடும் பிள்ளைக்கு அந்த 190 கலோரி நல்ல பலம். கொழுப்பிலும் பெரும்பகுதி நல்ல வகைக் கொழுப்பு. ஆனால், ரத்தசோகைக்கு அது மருந்தாகாது.

13 முதல் 15 வயதுவரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லி கிராம் இரும்பும், 43 கிராம் புரதமும் தேவை என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. அந்த இரும்பு முழுவதையும் பீநட் பட்டரிலிருந்தே எடுக்க வேண்டுமானால், தினம் ஒன்றே முக்கால் கிலோ சாப்பிட வேண்டும். காட்டுப்பன்றிக் கறி என்றால் இரண்டே முக்கால் கிலோ. ஒரே பொருளை நம்பி ரத்தசோகையை ஓட்ட முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. கறியில் உள்ள இரும்பில் ஒரு பகுதியை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். கடலை, தானியம், கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடலில் சேரும். ரத்தம் உருவாகத் தேவையான பி12 வைட்டமின் கறி, முட்டை, மீன், பாலில் கிடைக்கும். கடலையில் அது கிடையாது.

காட்டுக்கறியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

காட்டுப்பன்றி, காட்டு முயல், மான், கௌதாரி எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வேட்டையாடுவது மட்டுமல்ல, கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத்தண்டனை, அபராதம் இரண்டும் உண்டு. கொண்டுவந்து கொடுத்தவரோடு, வாங்கிச் சமைத்தவர் மீதும் வழக்கு வரும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்தக் கறி எப்படிச் செத்த விலங்கினுடையது என்பது யாருக்கும் தெரியாது. விஷம் வைத்துப் பிடித்ததாக இருக்கலாம். நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு பட்டதாக இருக்கலாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஹீமோகுளோபின் உருவாவதையே அது தடுக்கும். ரத்தம் ஊறட்டும் என்று கொடுத்த கறி ரத்தசோகையைக் கூட்டிவிடக்கூடும். சரியாக வேகாத பன்றிக்கறியில் நாடாப்புழு, தசைப்புழு பிரச்னைகளும் இருக்கின்றன. இறைச்சிக்கூடத்தில் நடக்கும் எந்தப் பரிசோதனையும் இந்தக் கறிக்குக் கிடையாது.

பன்றிக்காக வைக்கும் அவுட்டுக்காய், பன்றியோடு நிற்பதில்லை. மேயப்போன மாடுகள் அதைக் கடித்து வாய் சிதைந்திருக்கின்றன. யானைகளும் தீவனம் எடுக்க முடியாமல் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன.

'பன்றி எங்கள் கடலையைத் தின்கிறதே, அதற்கு என்ன வழி?' என்ற ஆதங்கம் நியாயமானது. மதுக்கரை, தொண்டாமுத்தூர், காரமடை பகுதி விவசாயிகள் வருஷக்கணக்காகக் கேட்கும் கேள்வி அது. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோ மீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பன்றியைப் பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோ மீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம். ஆனால், எதுவானாலும் அது வனத்துறையின் வேலை. விவசாயி துப்பாக்கி எடுக்கவோ, கறியை எடுத்துக்கொள்ளவோ அனுமதி கிடையாது. சேதத்தைப் புகைப்படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, இழப்பீடு கேட்பதுதான் விவசாயிக்கு உள்ள வழி.

வீட்டுக் கடலையில் வெண்ணெய்

பீநட் பட்டருக்குத் தனித் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கடலைப்பருப்பை இளந்தீயில், அடி பிடிக்காமல், பொன்னிறமாக வறுக்க வேண்டும். ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்து எடுத்துவிட்டு மிக்ஸியில் அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு நிற்கும். அங்கே நிறுத்திவிடாமல், மிக்ஸி சூடாகாதபடி விட்டுவிட்டு அரைத்தால், கடலையின் எண்ணெய் வெளிவந்து தானாகவே இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. சிட்டிகை உப்பு போதும். இனிப்பு வேண்டும் என்றால், சாப்பிடும்போது நாட்டுச்சர்க்கரை கலந்துகொள்ளலாம். முன்கூட்டியே வெல்லம் கலந்தால் ஈரம் சேர்ந்து சீக்கிரம் கெடும். மேலே எண்ணெய் மிதப்பது இயல்பு, கிளறிவிட்டுக்கொள்ளலாம். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் வாங்கினால், டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கடலையும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. சர்க்கரை, பதப்படுத்திய தாவரக் கொழுப்பு என்று பட்டியல் நீண்டால், காசு கொடுத்து வாங்குவது முழுக்கக் கடலை இல்லை.

பூஞ்சணம் இருந்தால் எல்லாம் வீண்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் இருந்தது தெரிந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்ஸின். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முழுவதுமாகப் போகாது. முழுப் பருப்பாக இருக்கும்போது பூஞ்சணம் பிடித்ததைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். அரைத்த பிறகு எதுவும் தெரியாது. எனவே கவனமெல்லாம் அரைப்பதற்கு முன்புதான் தேவை.

ஆடிப்பட்டக் கடலை, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அறுவடைக்கு வருகிறது. இங்கேதான் தவறு நடக்கிறது. பிடுங்கிய செடியைக் குவித்து வைக்காமல், காய் மேலே பார்க்கும்படி புரட்டிப்போட்டுக் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்கு வரும்வரை காய்களை உலர்த்த வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அதுவே பதம். களைக்கொத்து பட்டு உடைந்த காய்களைத் தனியே எடுத்துவிட வேண்டும். சுலபமாக உடைப்பதற்காகக் காய்மேல் தண்ணீர் தெளிப்பது கூடவே கூடாது. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல், கட்டைமேல் அடுக்க வேண்டும். அரைக்கும் முன் சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையும் கறுப்புமாகப் படிந்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். எறிந்ததைக் கோழிக்கும் போடக் கூடாது.

அந்தப் பிள்ளையின் தட்டில் என்ன வைக்கலாம்?

காலையில் கம்பு தோசை அல்லது ராகிக் களி. கம்பில் 100 கிராமுக்கு 6.4 மில்லி கிராம் இரும்பு இருப்பதாக, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணை சொல்கிறது. கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்குக் கம்பு புதிதல்ல, மறந்துபோனதுதான். தோசைமேல் இரண்டு கரண்டி கடலை வெண்ணெய் தடவிக்கொடுக்கலாம். மதியம் பருப்பு, முருங்கைக்கீரை. அதில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு கூடுதலாக உடலில் சேரும். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

தினம் ஒரு முட்டை. வாரம் ஒரு முறை ஆட்டு ஈரலோ, சந்தையில் கிடைக்கும் ஆட்டு ரத்தப் பொரியலோ கொடுக்கலாம். நன்றாக வேக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈரல் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். ஆட்டுக்கறிக்குச் செலவு அதிகம் என்றால் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. காடை சாப்பிட ஆசையென்றால், பண்ணைகளில் வளர்க்கும் ஜப்பானியக் காடை கிடைக்கிறது. முயல்கறிக்கும் பண்ணை முயல்கள் உண்டு. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையம், முயல் வளர்ப்புக்கு வழிகாட்டுகிறது. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம்தான்.

ரத்தசோகை இந்த ஒரு வீட்டுப் பிரச்னை இல்லை. 2019-21-ம் ஆண்டு தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மகளுக்குப் பார்க்கும்போது, தாயும் ஒரு முறை ரத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மகளுக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அளவு ஏறியிருந்தாலும், மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்குவது நிற்கும்வரை, கபடிப் பயிற்சியைக் குறைத்துக்கொள்வது பற்றி ஆசிரியரிடம் பேசிவிடலாம்.

'பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் பால் மாட்டுக்குக் கொடுக்கலாமா?'

- வாசகர், செட்டிப்பாளையம்.

கொடுக்கக் கூடாது. காயவைத்தால் பூஞ்சணம் உதிரும், அது விட்டுப்போன நஞ்சு உதிராது. மாடு தீவனம் எடுப்பது குறையும், பால் குறையும். அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் வரும். அந்தப் பாலைக் குடிப்பவர்களில் முதல் ஆள், பெரும்பாலும் அதே வீட்டுக் குழந்தைதான். அப்படிப்பட்ட புண்ணாக்கை மண்ணில் புதைத்துவிடுவதே சரி.